பிசியோதெரபி மாணவரின் 240 நிமிடங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தேர்வுக் காலம் நெருங்கினால் நாளிதழ்களின் கல்விப் பக்கங்களில் நேரத்தைச் சேமிக்கும் வழிகள் வரிசையாக வரும். விடியற்காலை எழு, அட்டவணை போடு, கைப்பேசியைத் தூர வை. மேசை முன் உட்கார்ந்து படிக்கிறவருக்கு இதெல்லாம் சரிதான். மருத்துவமனைப் பயிற்சிக்கு, மாணவர்கள் வாயில் ‘போஸ்டிங்’குக்கு, போகிற பிசியோதெரபி மாணவருக்கு இதில் பாதி உதவாது. காலை எட்டரை மணிக்கு மேல் அவருடைய நேரம் அவர் கையில் இல்லை. முக்கூடலில் இருந்து வரும் நோயாளியின் பஸ், வார்டில் டாக்டர் ரவுண்ட்ஸ் முடியும் நேரம், மூக்குக் குழாயில் கஞ்சி ஊற்றிய நேரம், வலி மாத்திரை கொடுத்த நேரம் என்று அடுத்தவர்களின் கடிகாரங்களைப் பார்த்துத்தான் அவர் ஓட வேண்டியிருக்கிறது. மாணவர்களுக்கும், அவர்களை அனுப்பும் கல்லூரிகளுக்கும், ஏற்றுக்கொள்ளும் மருத்துவமனைகளுக்கும் ஆகும் என்று சில விஷயங்களை எழுதுகிறோம்.

முதலில் கணக்கு. காலை 8.30 முதல் 12.30 வரை போஸ்டிங் என்றால் 240 நிமிடம். ஆறு நோயாளிகள், அதில் ஒருவர் புதியவர் என்று வைப்போம். புதியவரைக் கேட்டு, தொட்டுப் பார்த்து, அளந்து, சிகிச்சையைத் தொடங்க மாணவருக்கு 45 நிமிடமாவது ஆகும். பழையவர்கள் ஐந்து பேருக்கு ஆளுக்கு 25 வீதம் 125. ஆறு பேருக்கும் குறிப்பு எழுத 5 வீதம் 30. இதுவரை 200. ஒவ்வொருவரையும் தொடும் முன்னும் தொட்ட பின்னும் சோப்புப் போட்டுக் கை கழுவ ஒரு நிமிடம் என்றால் 12. மீதி 28. வீல்சேர் தேடுவது, மாடி ஏறி இறங்குவது, ஒரு டீ, நடுவில் சாரோ மேடமோ நிறுத்திக் கேட்கும் கேள்வி, எல்லாம் அதற்குள் அடங்க வேண்டும். ஆக ஆறு பேரே ஒரு மாணவருக்கு முழுச்சுமை. பன்னிரண்டு பேரைத் தலையில் கட்டினால் உடற்பயிற்சி போய்விடும், மெஷின் மட்டும் மிஞ்சும். ‘கரண்டு வச்சு அனுப்புறது’ என்று ஊரில் சொல்கிற சிகிச்சை பெரும்பாலும் இப்படித்தான் பிறக்கிறது. அதை மாணவரின் சோம்பல் என்று திட்டுவதில் நியாயமில்லை. வகுத்தல் கணக்கு அப்படி.

பாளையங்கோட்டைக்குத் தென்னிந்தியாவின் ஆக்ஸ்போர்டு என்று பெயர் உண்டு. அந்தப் பெயருக்கான வாடகையைக் காலை எட்டு மணியிலிருந்து ஒன்பது மணி வரை பஸ்ஸில் கொடுக்க வேண்டும். பள்ளி நேரத்தில் திருநெல்வேலி ஜங்ஷனில் ஏறி, வண்ணார்பேட்டை தாண்டி, அரசு மருத்துவமனை இருக்கும் ஹைகிரவுண்ட் போய்ச் சேர்வதை வெறும் தூரத்தை வைத்துக் கணக்குப் போடக் கூடாது. தென்காசிப் பக்கத்திலிருந்து ரயிலிலும் வள்ளியூர்ப் பக்கத்திலிருந்து பஸ்ஸிலும் வருகிற மாணவர்கள் கால் மணி நேரம் முன்னதாக வந்துவிடுவது உத்தமம். படிக்க இல்லை, மெஷின்களுக்காக.

இறுகிய கையை முக்கி எடுக்கும் மெழுகுத் தொட்டியை எடுத்துக்கொள்வோம். ஏழு பங்கு பாரஃபின் மெழுகுக்கு ஒரு பங்கு லிக்விட் பாரஃபின் எண்ணெய் கலந்து வைத்திருப்பார்கள். கெட்டியாகக் கிடக்கும் மெழுகு உருகி 50 முதல் 54 டிகிரி செல்சியஸுக்கு வந்து நிற்க ஒரு மணி நேரத்துக்கு மேல் பிடிக்கும். எட்டரைக்கு ஸ்விட்ச் போட்டால் முதல் கை உள்ளே போக பத்து மணியாகிவிடும். அதற்குள் மணிக்கட்டு முறிவுக் கட்டுப் பிரித்த மூன்று பேர் பெஞ்சில் உட்கார்ந்திருப்பார்கள். வெந்நீர்த் தொட்டியில் சூடேற்றி ஒத்தடமாக வைக்கும் ஹாட் பேக் கதையும் இதுதான். 70 டிகிரிக்கு மேல் சூடாக இருக்கும் தொட்டியிலிருந்து எடுத்த பேக்கை ஒருவருக்கு 20 நிமிடம் வைத்துவிட்டுத் திரும்பப் போட்டால், மறுபடி அது சூடேற அரை மணி நேரம் வேண்டும். தொட்டியில் நாலு பேக் இருந்தால் நாலு பேரையும் ஒரே நேரத்தில் படுக்க வைத்துவிடாமல் இரண்டிரண்டாக எடுக்க வேண்டும். இல்லாவிட்டால் பத்தரை மணிக்கு நாலும் ஆறிக் கிடக்கும். ‘சூடே இல்லையே’ என்று நோயாளி சொல்ல, பேக்கைச் சுற்றும் துண்டின் மடிப்பைக் குறைக்கத் தோன்றும். ஆறு எட்டு மடிப்பு இருக்க வேண்டிய இடத்தில் மூன்று மடிப்பு வைத்தவர்களுக்குத் தெரியும், அடுத்து சூடான பேக் வரும்போது தோலில் என்ன ஆகும் என்று.

நேரத்தை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கலாம். ஒருவர் மெஷினில் இருக்கும்போது இன்னொருவருக்குக் கையால் பயிற்சி கொடுக்கலாம். இரண்டு வரைதான், மூன்றாவது ஆளை எடுத்தால் முதல் ஆளை மறந்துவிடுவோம். அடுக்குவதற்கும் விதி உண்டு. வலிக்கு லேசாகக் கரண்டு வைக்கும் ஐ.எஃப்.டி., டென்ஸ் மெஷின்கள், ஹாட் பேக் என்றால் கூப்பிட்டால் கேட்கும் தூரத்தில் மாணவர் இருக்க வேண்டும், நோயாளி கையில் மணியோ ஸ்விட்சோ இருக்க வேண்டும். ஒலியலையால் சிகிச்சை தரும் அல்ட்ராசவுண்டை அடுக்கவே முடியாது. மெஷினின் தலைப்பகுதியை நகர்த்திக்கொண்டே இருக்க வேண்டும், கையை எடுத்தால் சிகிச்சை நின்றது. மின்காந்த அலையால் உடலுக்குள் ஆழமாகச் சூடு கொடுக்கும் டயாதெர்மியில் அடுக்குவதை முதலாண்டு போஸ்டிங் மாணவர்கள் விட்டுவிடுவது நல்லது.

டயாதெர்மியில் அவசரப்படுகிறவர்கள் இரண்டு இடத்தில் சறுக்குகிறார்கள். ஒன்று வியர்வை. சித்திரை வெயிலில் பஸ் நிறுத்தத்திலிருந்து நடந்து வந்த ஆச்சியின் முதுகும் இடுப்புச் சேலையும் நனைந்திருக்கும். ஈரத்தில் சூடு ஒரே இடத்தில் குவியும், தோல் வெந்துவிடும். ஃபேனுக்குக் கீழே ஐந்து நிமிடம் உட்கார வைத்து, துண்டால் ஒற்றி, அதன் பிறகுதான் மெஷின். அந்த ஐந்து நிமிடத்தில் சங்கிலி, பெல்ட், கொக்கி, காது கேட்கும் கருவி, இடுப்பில் செருகிய கைப்பேசி எல்லாவற்றையும் எடுக்கச் சொல்லிவிடலாம். பேஸ்மேக்கர் உண்டா, உள்ளே கம்பியோ தகடோ வைத்திருக்கிறதா, கர்ப்பமா என்று கேட்டுவிடலாம். வீணாகிற நேரம் எதுவும் இல்லை.

இரண்டாவது, சூடு தெரியாமல் மரத்திருக்கக்கூடிய சர்க்கரை நோயாளியின் தோல். வெந்நீர் ஒரு டெஸ்ட் டியூபிலும் குளிர்ந்த நீர் இன்னொன்றிலும் எடுத்து, கண்ணை மூடச் சொல்லி, மாற்றி மாற்றித் தொட்டு ‘இது சூடா, குளுமையா’ என்று கேட்கும் சோதனைக்கு ஒரு நிமிடம்தான் ஆகும். அந்த ஒரு நிமிடத்தைத்தான் முதலில் வெட்டுகிறார்கள். பிறகு சர்க்கரை உள்ள ஆச்சி ஒருவர், ‘சூடு பத்தலம்மா, இன்னும் கொஞ்சம் கூட்டி வையி’ என்பார். நல்ல மனசோடு கூட்டி வைப்பார் மாணவி. மறுநாள் கொப்புளம். லேசான, இதமான சூடு தெரிந்தால் போதும் என்பதை ஆரம்பிக்கும் முன்பே சொல்லிவிட வேண்டும். வலிக்குச் சூடு எவ்வளவுக்கு எவ்வளவு கூடுதலோ அவ்வளவுக்கு அவ்வளவு நல்லது என்று ஒத்தடம் போட்டே வளர்ந்த ஊர் இது.

புதிய நோயாளியிடம் 45 நிமிடம் 70 ஆவதற்குக் காரணம் பெரும்பாலும் வரிசைதான். பாடப்புத்தகத்தில் அசைவு அளவு ஓர் அத்தியாயம், தசை வலிமை ஓர் அத்தியாயம், சிறப்புச் சோதனை ஓர் அத்தியாயம் என்று இருக்கும். மாணவரும் அதே வரிசையில் போவார். குறுக்கு வலியோடு வந்தவரை நிற்க வைத்து, படுக்க வைத்து, குப்புறப் போட்டு, எழுப்பி, மறுபடி நிற்க வைப்பார். நாலாவது தடவை புரளும்போது வலி கூடிவிடும். அதற்குப் பிறகு எடுக்கும் அளவு எதுவும் உண்மை அளவு இல்லை. நிற்கும்போது பார்க்க வேண்டிய எல்லாவற்றையும் நிற்கும்போதே பார்த்துவிட வேண்டும்: நடை, குனிவு, நிமிர்வு, பக்கவாட்டுச் சாய்வு, குதிகாலில் நடப்பது, நுனிக்காலில் நடப்பது. அடுத்து உட்கார வைத்து முட்டித் தசையும் அனிச்சைச் செயலும். அடுத்து மல்லாக்கப் படுக்கையில் காலை நீட்டித் தூக்கும் சோதனை, இடுப்பு மூட்டு, தொடு உணர்வு. கடைசியாக ஒரே ஒரு தடவை குப்புற. நோயாளி மூன்று தடவை நிலை மாறினால் முடிந்தது. ஒரே தாளில் இந்த வரிசையை எழுதி மடித்துப் பாக்கெட்டில் வைத்துக்கொள்ளலாம். இரண்டு வாரத்தில் தாள் தேவைப்படாது.

முதல் நாளே எல்லாவற்றையும் முடிக்க வேண்டும் என்றும் இல்லை. விடக் கூடாதவை சில உண்டு. இரவில் தூங்கவிடாத வலியா, காய்ச்சல் உண்டா, காரணமில்லாமல் எடை குறைந்ததா, சிறுநீரும் மலமும் அடங்குகிறதா, தொடையின் உள்பக்கமும் ஆசனவாயைச் சுற்றியும் மரத்திருக்கிறதா, விழுந்தாரா, சர்க்கரை, பிரஷர், மேலே சொன்ன பேஸ்மேக்கர், கம்பி. இதில் ஒன்று இடித்தாலும் பயிற்சியை நிறுத்திவிட்டு மூத்தவரைக் கூப்பிட வேண்டும். அதற்குப் பிறகு, திரும்ப அளந்து ஒப்பிடப் போகிற இரண்டு அளவு. தோள்பட்டை இறுகியவருக்குக் கை எவ்வளவு உயர்கிறது, எவ்வளவு வெளியே திரும்புகிறது என்ற இரண்டு போதும். மற்றவை நாளைக்கு.

வலியைக் கேட்பதற்கும் நேரம் போகிறது. ‘பூஜ்யத்திலிருந்து பத்துக்குள் வலி எத்தனை?’ என்றால் களக்காட்டு வாழைத் தோட்டத்தில் வேலை செய்யும் பெரியவர் உங்களையே பார்ப்பார். ‘முதல்ல இருந்த வலி பத்து ரூபான்னா இன்னைக்கு எத்தனை ரூபா இருக்கு தாத்தா?’ என்றால் உடனே ‘ஏழு ரூபா இருக்கும்’ என்பார். நல்ல வழிதான். ஆனால் அதை எடுத்து வலி அளவுகோலில் 7 என்று எழுதிவிடக் கூடாது. அவர் சொன்னது முதல் நாளோடு ஒப்பிட்டு. முதல் நாள் வலியே பாதி வலியாக இருந்திருக்கலாம். ‘முதல் நாளை 10 என வைத்தால் இன்று 7’ என்று அப்படியே எழுத வேண்டும். அதேபோல ‘உளையுது’ என்பதும் ‘மரத்துப் போகுது’ என்பதும் ‘சுண்டி இழுக்கு’ என்பதும் ஒன்றல்ல. மூன்றையும் ‘வலி’ என்று ஒரே சொல்லில் அடைத்தால் நரம்புச் சிக்கலா தசைச் சிக்கலா என்ற முதல் துப்பைத் தொலைத்துவிட்டு, அரை மணி நேரம் சோதனையில் அதைத் தேடிக்கொண்டிருப்போம். நோயாளி சொன்ன சொல்லையே மேற்கோள் குறிக்குள் எழுதுங்கள்.

வார்டு வேறு உலகம். அங்கே நேரம் போவது நடப்பதிலும் காத்திருப்பதிலும். முட்டி மாற்று அறுவை சிகிச்சை செய்தவரிடம் ஒன்பது மணிக்குப் போனால் டிரெஸ்ஸிங் நடக்கும். ஒன்பதரைக்குப் போனால் ரவுண்ட்ஸ். பத்துக்குப் போனால் எக்ஸ்ரேக்குக் கொண்டுபோயிருப்பார்கள். முதல் நாள் கிளம்பும் முன் வார்டு சிஸ்டரிடம் ‘நாளைக்குக் காலையில் இவருக்கு என்னென்ன இருக்கு, வலி மருந்து எப்போ?’ என்று கேட்டால் ஒரு நிமிடத்தில் பதில் கிடைக்கும். மருந்து உள்ளே போய் அரை மணி முதல் முக்கால் மணி கழித்துப் போனால் மடங்காத முட்டி பத்து டிகிரி கூடுதலாக மடங்கும், நோயாளியும் அலற மாட்டார். ரவுண்ட்ஸ் நடக்கும் நேரத்தை கேஸ் ஷீட் படிக்க வைத்துக்கொள்ளலாம்.

குழாய் வழியே உணவு போகிறவருக்குச் சளி எடுக்கும் பயிற்சி கொடுக்கவும் இதே கணக்குத்தான். கஞ்சி உள்ளே போன கையோடு தலையைத் தாழ்த்தி நெஞ்சைத் தட்டினால் வாந்தி நுரையீரலுக்குள் போகும். உணவுக்கு முன் போக வேண்டும். முடியாவிட்டால் ஒரு மணி நேரமாவது, முடிந்தால் இரண்டு மணி நேரம் கழித்து. தீவிர சிகிச்சைப் பிரிவில் மாணவர் செய்கிற நேரத் தவறுகளில் ஆபத்தானது இதுதான். ‘இப்போதான் ஃப்ரீயா இருந்தேன்’ என்ற பதில் அங்கே எடுபடாது.

பக்கவாத நோயாளிகளிடம் வேறொரு நேரக் கசிவு. கூட இருக்கிறவர் தினமும் மாறுவார். இன்று மகள், நாளை மைத்துனர், மறுநாள் அம்பாசமுத்திரத்திலிருந்து வந்த தங்கை. ஒவ்வொருவருக்கும் ‘பலவீனமான கையைத் தொங்கவிடாதீங்க, தோளுக்கு அடியில் தலையணை வைங்க, கையைப் பிடிச்சு இழுத்துத் தூக்காதீங்க’ என்று தினமும் பத்து நிமிடம் பாடம் எடுக்க வேண்டியிருக்கும். அரைத்தாளில் படம் வரைந்து தலைமாட்டில் ஒட்டிவிடலாம்: படுத்த உருவம், தலையணை எங்கே, எந்தப் பக்கம் பலவீனம் என்று. கீழே புரட்டிப் படுக்க வைக்கும் நேரம், இரண்டு மணிக்கு ஒருமுறை: 6 இடது, 8 மல்லாக்க, 10 வலது என்று. சொல்கிற சொல்லிலும் கவனம் வேண்டும். ‘செத்துப்போன கை’ என்று உறவினர் சொன்னாலும் நோயாளி காதுபட மாணவர் அதைத் திருப்பிச் சொல்ல வேண்டாம்.

தொடர்ந்து செய்ய வேண்டிய வீட்டுப் பயிற்சியை எட்டாக எழுதிக் கொடுப்பது மாணவருக்கு நிறைவு தரும்; நோயாளி ஒன்றையும் செய்ய மாட்டார். மூன்று போதும், அதுவும் அவருடைய வேலையோடு கோத்த மூன்று. மேலப்பாளையத்திலோ முக்கூடலிலோ பீடி சுற்றும் பெண்ணிடம் ‘ஒரு நாளைக்கு மூணு வேளை, வேளைக்குப் பத்துத் தடவை’ என்பதைவிட, ‘ஒரு கட்டு சுற்றி முடிச்சதும் தட்டை மடியிலிருந்து இறக்கி வச்சுட்டு, தாடையைப் பின்னால இழுத்து அஞ்சு எண்ணுங்க, தோளைப் பின்னால உருட்டுங்க’ என்பது நடக்கும். கடைக்குப் பீடி கொடுக்கப் போகும் நேரத்தில் அவரை வரச் சொன்னால் வரமாட்டார். எந்த நேரம் வர முடியும் என்று முதல் நாளே கேட்டு எழுதிக்கொள்ள வேண்டும். பிசான நெல் நடவு நேரத்தில் சேரன்மகாதேவிப் பக்கத்து நோயாளிகள் இரண்டு வாரம் காணாமல் போவார்கள். அதற்கு முந்தின வாரமே வீட்டுப் பயிற்சியை முடித்துக் கொடுத்துவிடுவது கெட்டிக்காரத்தனம். தமிழக அரசின் மக்களைத் தேடி மருத்துவம் திட்டம் 2021இல் தொடங்கிய பிறகு வீட்டுக்கே போய்ச் சிகிச்சை கொடுப்பது மக்களுக்குப் பழகிவிட்டது. சமூகப் போஸ்டிங்கில் வீடு வீடாகப் போகும் மாணவர்கள் நோய்வாரியாகப் பிரிக்காமல் தெருவாரியாகப் பிரித்துக்கொண்டால் வெயிலில் அலைவது பாதியாகும்.

குறிப்பு எழுதுவதை எல்லோரும் கடைசிக்குத் தள்ளுகிறார்கள். நோயாளி சொன்னது, நாம் அளந்தது, என்ன நினைக்கிறோம், என்ன செய்தோம் செய்யப் போகிறோம் என்று நாலே வரி, அவர் ஹாட் பேக்கில் இருக்கும்போதே அருகில் நின்று எழுதிவிடலாம். பாக்கெட் நோட்டில் பெயர் வேண்டாம், படுக்கை எண் போதும். பஸ்ஸில் தொலைகிற நோட்டு அது. பார்த்த நோயாளிகளைப் பதியும் லாக் புக்கை மாதக் கடைசியில் உட்கார்ந்து எழுதினால் முப்பது பேருக்கும் ‘வலி குறைந்தது, அசைவு கூடியது’ என்றுதான் வரும். திருத்துகிறவர்களுக்கு அது மூன்றாம் பக்கத்திலேயே தெரிந்துவிடும். கையெழுத்தையும் வாராவாரம் வாங்கிவிட வேண்டும். போஸ்டிங் முடிந்த பிறகு, விடுப்பில் போன மேடத்தைத் தேடி அலைவதில் போகும் நாளை யாரும் கணக்கில் எடுப்பதில்லை. ஒரு நோயாளியைப் பற்றி ஆசிரியர்கள் முன் விளக்கும் கேஸ் பிரசன்டேஷனுக்கு ஆளை முதல் வாரத்திலேயே தேர்ந்து முதல் நாள் அளவுகளை எடுத்துவிடுங்கள். அறுவை சிகிச்சை நோயாளி சில நாளில் டிஸ்சார்ஜ் ஆகிவிடுவார். தொடக்க அளவு இல்லாத கேஸில் முன்னேற்றம் என்று எதைக் காட்டுவது?

மாணவரின் முதுகும் கணக்கில் வர வேண்டும். உயரம் மாற்ற முடியாத வார்டுக் கட்டிலில் நாலு மணி நேரம் குனிந்து நின்றால் மூன்றாவது வாரம் அவரே நோயாளி. ஒரு காலை ஸ்டூலில் வைத்துக்கொள்ளலாம், நோயாளியைக் கட்டிலின் இந்த ஓரத்துக்கு நகர்த்திக்கொள்ளலாம். பக்கவாத நோயாளியைத் தூக்க இன்னொரு ஆளுக்காகக் காத்திருக்கும் மூன்று நிமிடம் நஷ்டமே இல்லை. காலைச் சாப்பாட்டை விட்டுவிட்டு வந்து பதினோரு மணிக்குத் தலை சுற்றி உட்காருகிறவர்கள் ஒவ்வொரு பேட்சிலும் உண்டு. இரவில் பாடம் முழுவதையும் திறக்க வேண்டாம். அன்று பார்த்த ஒரு தோள்பட்டையை அன்றிரவே முக்கால் மணி நேரம் படித்தால் அது பரீட்சை வரை நிற்கும்.

இவ்வளவையும் மாணவர் செய்தாலும், மீதியிருக்கும் 28 நிமிடத்தைத் தின்கிற வேலைகள் வேறு இருக்கின்றன. டீ வாங்க, ஜெராக்ஸ் எடுக்க, ரிஜிஸ்டரில் பெயர் எழுத மாணவரை அனுப்புவது பல இடங்களில் வழக்கமாகிவிட்டது. கல்லூரிகளும் மருத்துவமனைகளும் மனம் வைத்தால் செலவில்லாமல் செய்யக்கூடியவை உண்டு. ஒரு மாணவருக்கு ஆறு நோயாளிக்கு மேல் வேண்டாம். புதிய நோயாளியைப் பதினொன்றரைக்கு மேல் ஒப்படைக்காமல் பத்தரைக்குள் ஒப்படையுங்கள். பன்னிரண்டரைக்கு முடியும் போஸ்டிங்குக்கு ஒரு மணிக்கு வகுப்பு வைக்காதீர்கள். மூட்டின் கோணத்தை அளக்கும் கோனியோமீட்டர், அளவு டேப், வெந்நீர் டெஸ்ட் டியூப் மூன்றும் ஒரே டிரேயில், ஒரே இடத்தில் இருக்கட்டும். வீல்சேருக்கு எந்த வார்டுக்குப் போனது என்று எழுதச் சுவரில் ஒரு சிலேட்டு தொங்கவிடுங்கள்.

நோயாளிகளிடமும் ஒன்று கேட்கிறோம். பழைய எக்ஸ்ரே, ஸ்கேன் ஃபிலிம், மருந்துச் சீட்டு மூன்றையும் ஒரே பையில் கொண்டு வாருங்கள். முட்டி வலிக்கு வருகிறவர்கள் முட்டிக்கு மேல் ஏற்றிவிடக்கூடிய தளர்ந்த உடையில் வாருங்கள். பஸ் நேரத்தை வந்தவுடனே சொல்லிவிடுங்கள். கடைசிப் பத்து நிமிடத்தில் ‘பஸ் போயிரும்’ என்று நீங்கள் எழுந்தால் விட்டுப்போவது மெஷின் அல்ல, அதற்குப் பிறகு செய்ய வேண்டிய உடற்பயிற்சிதான்.

இப்படிக்கு,
இயன்முறை சிகிச்சையாளர்கள் சிலர்,
பாளையங்கோட்டை.